பாட்டுக்கு அடியில் போன குரல்

கல்லூரியில் இத்தனை வருஷம் சினிமாவும் வீடியோவும் சொல்லிக்கொடுத்தும் உங்கள் அம்மா ஏன் பெயருக்கு முன்னால் டாக்டர் போடவில்லை என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அவள் சொல்ல மாட்டாள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஆராய்ச்சியைப் பற்றி எழுதத் தெரியாது. பைக்கில் அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் நான். பார்த்ததை எழுதுகிறேன்.

நம்ம பக்கத்தில் சாவு வீட்டில் வீடியோ எடுப்பது உங்களுக்குத் தெரியும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளால் அடக்கத்துக்கு வந்துசேர முடியாது. கேசட்தான் அவர்களுக்குப் போகும். அந்தக் கேசட்டுகளைத்தான் அம்மா ஆராய்ச்சிக்கு எடுத்தாள்.

“சாவு வீட்டு வீடியோல என்ன சினிமா இருக்கு?” என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டலடித்தார்கள்.

“ஊர்ல இல்லாதவங்களப் பாத்து எல்லாரும் கேமராகிட்டப் பேசுதாங்க. வேற எந்தப் படத்துல அப்பிடி இருக்கு?” என்பாள்.

சுனாமிக்குப் பிறகு, மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் மீன் விற்கும் ஓர் அக்காள் ஒரு கேசட் கொடுத்தாள். அவளுடைய மாமனாரின் அடக்கம் அதில் இருந்தது. அவள் வீட்டையும் ஒரே மகனையும் கடல் கொண்டுபோய்விட்டது. மகனுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. குவைத்தில் கொழுந்தனிடம் இருந்ததால் இந்தக் கேசட் தப்பியது. அதில் பையன் தாத்தாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துச் சித்தப்பாவிடம் பேசுகிறான்.

“சிடியில போட்டுத் தாருங்க டீச்சரே. தெனமும் ஒருக்கா கேட்டுக்கிடுவேன்” என்றாள்.

அம்மா கல்லூரியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சிடியாக மாற்ற அங்கே வசதி இல்லாததால் நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தாள். சிடி வந்தது. போட்டுப் பார்த்தால் முதலிலிருந்து கடைசிவரை சர்ச்சில் பாடும் ஒரு ஞானப்பாட்டு. பையனின் வாய் அசைகிறது, பேச்சு இல்லை.

அம்மா போய்க் கேட்டதும் ஸ்டூடியோக்காரர் பதறிவிட்டார். “அழுகைச் சத்தம் கேட்டா வெளிநாட்டுல இருக்கவங்க தாங்க மாட்டாங்க டீச்சர். எப்பவும் சத்தத்த எடுத்துட்டுப் பாட்டுப் போட்டுத்தான் குடுப்போம்.” அவர் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பூஞ்சை பிடித்திருந்த கேசட், திருப்பிச் சுற்றும்போது சிக்கி நார்நாராகிவிட்டது. கம்ப்யூட்டரில் இடமில்லை என்று, பாட்டுப் போடுமுன் அதில் ஏற்றியிருந்த மூலப் பதிவையும் அழித்திருந்தார். அம்மா அந்த நாடாவைத் திருவனந்தபுரம்வரை கொண்டுபோய்க் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை.

சிடியோடு அந்த அக்காளின் வீட்டுக்குப் போனோம். நடந்ததை அம்மா சொல்லி முடிக்குமுன்பே, “போடுங்க, போடுங்க” என்றாள் அவள். மகன் திரையில் வந்ததும் சிரித்தாள்.

“தலையச் சீவாம நிக்கான் பாருங்க, கொரங்குப் பய!”

பிறகுதான் பாட்டைக் கவனித்தாள். “எம்புள்ள பேசுததுக்கு மேல எதுக்குப் பாட்டு? நிறுத்துங்க.”

அம்மா சத்தத்தைக் குறைத்தாள். மூவரும் ஓசையில்லாத படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என்ன சொல்லுதான் டீச்சரே? நீங்க கேட்டியள்லா?”

அம்மா சொன்னாள்: “அழாதீங்க சித்தப்பா. தாத்தா கஷ்டப்படாமத்தான் போனாரு. இங்க எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

“பெரிய மனுசன் கணக்கா பேசிருக்கான். அப்பம் அவனுக்குக் கொரலு ஒடயுத சமயம். கரகரன்னு இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“இன்னொருக்கா சொல்லுங்க.”

அம்மா திரும்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு மற்ற வீடுகளில் வாங்கிய கேசட்டுகளை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் போனில் கோபப்பட்டார். “இன்னொரு வீட்டுல போய்க் கேசட் தாங்கன்னு கேக்க எனக்கு வாய் வராது சார்” என்றாள். பாடம் நடத்துவதை மட்டும் விடவில்லை.

அந்த அக்காளைப் பார்க்க இன்றும் போகிறோம். அவள் கேட்பாள், அம்மா சொல்வாள். போன மாதம் திரும்பி வரும்போது வண்டியில் அம்மா என் தோளில் கைவைத்துச் சொன்னாள்:

“இப்பம் அதச் சொல்லும்போது என் சத்தம்தான் கேக்குது. அந்தப் பையன் கொரலு எனக்கும் மறந்து போச்சு.”

அந்த அக்காளிடம் இதை அவள் சொல்லவில்லை.