எத்தனை என்று மட்டும்

தியாகலிங்கம் மாஸ்டரிடம் வழி கேட்டவர் யாரும் தனியாகப் போனதில்லை. சுன்னாகத்தில் ஒருவர் விலாசம் விசாரித்தால் போதும், சந்தைப் பையோடு அவரும் கூடவே கிளம்பிவிடுவார். அந்த வீட்டு வாசல் படலை வரை கொண்டுபோய் விட்டால்தான் அவருக்கு மனம் ஆறும்.

இந்தக் குணம்தான் இலண்டன் பல்கலைக்கழகத்தின் இன்டர் சோதனையில் அவரை மூன்று தரம் கவிழ்த்தது. ஒரு சமன்பாட்டைக் கொடுத்து, அதற்கு மூலங்கள், அதாவது விடையாகும் எண்கள், எத்தனை, எந்த வகை என்று மட்டுந்தான் கேட்பார்கள். தீர்க்கவே தேவையில்லை. கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எத்தனை இடத்தில் மாறுகின்றன என்று பார்த்தே மட்டுப் பிடித்துவிடலாம். வகுப்பில் அந்த விதியைத் தூக்கத்திலும் சொல்லிக்கொடுக்கிற மனிதர்தான். ஆனால் மூலம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது என்னவென்று காணாமல் பேனை நகராது. தேடி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மற்றக் கேள்விகள் வெறுமையாகக் கிடக்கும்.

இந்த முறையும் தவறினால் வேறு ஆள் பார்ப்பதாகப் பள்ளிக்கூட மனேச்சர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார். நாற்பது வயதில் வேலை போனால் எங்கே போவது? மாஸ்டர் களைத்துப்போயிருந்தார்.

சோதனையன்று காலை மனைவி பூரணம் திருநீறு பூசிவிட்டாள்.

“இஞ்சருங்கோ, கேட்டதுக்கு மட்டும் மறுமொழி எழுதிப்போட்டு வாங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.”

“ஓம்.”

யாழ்ப்பாணத்தில் சோதனை மண்டபம் வெக்கையாக இருந்தது. x⁴ + 3x² + 2x − 7 = 0. குறி ஓரிடத்தில் மாறியது. நேர் மூலம் ஒன்று. x-இன் குறியைப் புரட்டிப் பார்த்தார். மறுபடியும் ஒரே மாற்றம். எதிர் மூலம் ஒன்று. நாலு மூலத்தில் மிச்சம் இரண்டும் கற்பனை எண்கள். அந்த நேர் மூலம் 1-க்குச் சற்று மேலே எங்கோ இருந்தது. கை துறுதுறுத்தது. பூரணத்தை நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். மணி அடித்தபோது கடைசிக் கேள்வியும் முடிந்திருந்தது.

சுன்னாகத்தில் றெயிலால் இறங்கியதும் மூட்டையோடு ஒரு கிழவர் மறித்தார்.

“தம்பி, மருதனார்மடச் சந்திக்கு எந்தப் பக்கம்?”

“இந்த றோட்டாலை நேரை போங்கோ.” கையைக் காட்டிவிட்டு மாஸ்டர் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

“என்ன மாதிரி?” என்றாள் பூரணம்.

“எத்தனை எண்டு கேட்டாங்கள். எத்தனை எண்டு எழுதினன். இந்தமுறை பாஸாகும்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சோறு போட்டாள். மாஸ்டருக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை.

“ஒரு கிழவர் வழி கேட்டவர், பூரணம். கையை மட்டும் காட்டிப்போட்டு வந்திட்டன்.”

அவள் சோற்றை மூடிவைத்தாள். கொடியில் கிடந்த சால்வையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“கிழவர் கனதூரம் போயிருக்கமாட்டார். போயிட்டு வாங்கோ.”