நான்கு மூலையிலும் மஞ்சள்

ஈப்போவில் தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு, பழைய நாணயம் சேர்ப்பவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு யூத மதகுருமார் கையெழுத்திட்ட கடிதங்களைச் சேர்க்கும் தமிழன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். ரப்பி என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களுடைய எபிரேய மொழியில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது. கடைசியில் கொடி படர்ந்தாற்போல் ஓடும் கையெழுத்துதான் என்னை ஆட்டி வைத்தது.

எட்டாவது கடிதத்தை இணைய ஏலத்தில் பிடித்தபோது தலைகால் புரியவில்லை. சேகரிப்பாளர் குழுவில் அதன் படத்தைப் போட்டுப் பீற்றிக்கொண்டேன். பார்சல் வரும் நாளில் தெலுக் இந்தானில் ஒரு காதுகுத்து, தட்ட முடியாத சொந்தம். பார்சலை வாங்க மனைவியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் போனேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இலையில் பாயாசம் ஊற்றும்போதும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பினால் கடிதம் சாமி மேடையில் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள்!

"இத்தன நாளா தவிச்சிக்கிட்டு இருந்தீங்களே, நல்லபடியா வந்து சேர்ந்துச்சேன்னுதான் வச்சேன்" என்றாள் மனைவி. கல்யாணப் பத்திரிகை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், எது வந்தாலும் அவளுக்கு அதே வழக்கம். பதறிப்போய் எடுத்துப் பார்த்தேன். நல்லவேளை, மஞ்சள் மூலையோடு நின்றிருந்தது. கையெழுத்துக்கு ஒரு விரல் தள்ளித்தான் கறை.

மறுவாரம், குழுவில் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் எழுதினார். அந்த ரப்பி அவருடைய கொள்ளுத்தாத்தாவாம். குடும்பம் சிதறியதில் அவர் கையால் எழுதிய துண்டுச் சீட்டுகூட மிஞ்சவில்லையாம். என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

நான்கு நாள் கூண்டுப் புலியாக வீட்டுக்குள் நடந்தேன். காலையில் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கடிதத்தைக் கையில் எடுத்தால் மனசு மாறிவிடும். ஐந்தாம் நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "என் மனைவி தெரியாமல் பூஜையில் வைத்து மஞ்சள் பூசிவிட்டாள். கையெழுத்தே அழிந்துபோயிற்று. இனி அது உங்களுக்குப் பயன்படாது" என்று எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகாவது தூக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

பதில் இரண்டே நாளில் வந்தது. மனைவி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யாரிடமிருந்து என்று கேட்டதால், அந்தப் பெண் கேட்டதைச் சொல்லி, எனக்கு வேண்டியதை மட்டும் படித்துக் காட்டலாம் என்று தொடங்கினேன். ஆனால் வாய் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் படித்துவிட்டது.

"உங்கள் மனைவியைத் தயவுசெய்து திட்டாதீர்கள். முன்பின் தெரியாத என் கொள்ளுத்தாத்தாவின் கடிதத்தை ஒருவர் பூஜையில் வைத்தார் என்பதே எனக்குப் போதும். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள்."

அவள் கை கீரையில் நின்றது.

"என்னை எதுக்குங்க திட்டணும்? கையெழுத்து நல்லாத்தானே இருக்கு?"

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"பாவம்லா அந்தப் பொண்ணு" என்றாள் மெதுவாக. "நான் நல்லதுக்குத்தானே வச்சேன். அதைப் போயி பொய்க்கு எடுத்துக்கிட்டீங்களே."

அன்றைக்கே கையெழுத்தைப் படமெடுத்து, நான் சொன்னது பொய் என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் போஸ்ட் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே கடிதத்தோடு வாசலில் நின்றேன். விலை எதுவும் கேட்கவில்லை. கேட்கும் முகம் எனக்கு இல்லை.