போசரிக்கு அனுப்பினார்கள்

எங்கள் நகரத்தின் ஔந்துப் பகுதியில் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைவர் ஒருநாள் என்னை அறைக்குள் அழைத்து உட்காரச் சொன்னார். அப்போதே எனக்கு என்னவோ இடித்தது. யாரையும் நிற்க வைத்தே பேசுகிறவர் அவர்.

"போசரியில் புதுக் கிளை திறக்கிறோம். அங்கே சர்ஜரி முழுக்க உங்கள் பொறுப்பு" என்றார்.

கேட்க உயர்வு மாதிரிதான் இருந்தது. ஆனால் போசரி என்றால் ஊரோரத் தொழிற்பேட்டை. மாநாடு, கட்டுரை, மாணவர்கள், நிர்வாகத்தின் கண்ணில் படுவது எல்லாம் ஔந்தில்தான். தலைவர் சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்துக்குப் போட்டியில் நான் ஒருத்தி. என்னோடு வேலைக்குச் சேர்ந்த சென்னைக்காரர் ஒருவர். வேறு யாரும் இல்லை.

"ஏங்க, இது அந்தச் சென்னைக்கார ஆளோட வேலைதான்" என்றேன் கணவரிடம்.

"நல்லது வந்தாலும் உனக்குச் சந்தேகந்தானா? போய்த்தான் பாரு" என்றார் அவர்.

கிளம்புகிற அன்று சென்னைக்காரர் என் புத்தகப் பெட்டியைக் கார் வரை தூக்கி வந்தார். "உங்களுக்கு யோகம் மேடம்" என்றார். உள்ளுக்குள் சிரிக்கிறான் என்றே நினைத்தேன்.

போசரியில் முதல் பெரிய கேஸ், பட்டறையில் இரும்புத் துண்டு தெறித்து வயிற்றில் பாய்ந்தவர். நான் தியேட்டருக்குள் போகும்போது அவர் மனைவி, "பெரிய டாக்டர் எப்போ வருவார்?" என்று மராத்தியில் கேட்டார். "நான்தான்மா" என்றேன். சொல்லும்போதே பயமாக இருந்தது. ஔந்தில் சிக்கலான இடம் வந்தால் தலைவர் கத்தியை வாங்கிக்கொள்வார். இங்கே வாங்க ஆளில்லை. அடிபட்டவர் பிழைத்தார். அதற்குப் பிறகு வந்தவர்களையும் நானேதான் பார்த்தேன்.

தலைவர் ஓய்வு பெற்றார். பதவி சென்னைக்காரருக்குப் போனது. நிர்வாகத்தில் கேட்டதற்கு, "உங்க பேரு பேச்சுலயே வரலை மேடம். நீங்க போசரி ஆச்சே" என்றார்கள். நினைத்தது சரியாகத்தான் இருந்தது என்று மனம் கசந்தேன். சென்னைக்காரருக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து அவரே போசரிக்கு வந்தார். கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கிளையை முதல்ல கேட்டது நான்தான் மேடம். தரமாட்டேன்னுட்டாங்க. நீங்கதான் ஏதோ சொல்லித் தடுத்துட்டீங்கன்னு இவ்வளவு நாளா நெனச்சுட்டிருந்தேன்."

"நானா?"

"ரிட்டையர் ஆன பெரியவர் இப்போ ஆலோசகரா தினமும் வர்றார். எல்லா ஆபரேஷனும் அவரே பண்றார். பேருக்குத்தான் நான் தலைவர். இன்னமும் உதவியாளா எதிர்ப்பக்கம் நின்னு வயித்தை விலக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கேன். கை மறந்துடும் போலிருக்கு. வாரத்துல ஒரு நாள் இங்க வந்து பண்ணட்டுமா? அங்க மாணவர்களுக்குப் பாடம் எடுக்க உங்க பேரை நான் எழுதறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் ஔந்து ஆபரேஷன் தியேட்டரில் எனக்குப் பழக்கமான நர்ஸுக்கு போன் போட்டேன். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்றார் அந்த அம்மா. பாவம் என்றும் சொன்னார். அதற்குப் பிறகுதான் சம்மதித்தேன்.

முதல் நாள் ஒரு பித்தப்பை ஆபரேஷன். கத்தியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் எதிர்ப்பக்கம் நின்றேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிதானமாகிவிட்டார். தையல் போட்டு முடித்ததும் முகக்கவசத்துக்கு மேலே கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சொன்னபடியே ஔந்தில் எனக்கு வகுப்பு வாங்கிக் கொடுத்தார். அந்த வகுப்பைக் காட்டித்தான் அடுத்த பதவி உயர்வும் கிடைத்தது. அவர் இப்போதும் வாராவாரம் வருகிறார். நல்ல நண்பர். ஆனாலும் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தால், என்னமோ கேட்கப் போகிறார் என்று கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறேன்.