மாமா கிளப்பாத விமானம்

எங்கள் மாமா ஜனாதிபதியின் விமானத்தை ஓட்டினார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது பாம்பன் பள்ளிக்கூடத்தில் இது தெரியாத பிள்ளையே கிடையாது. எல்லோருக்கும் நான்தான் சொல்லியிருந்தேன். மாமா அம்மாவின் தம்பி. மதுரையில் கல்லூரி முடித்து விமானப்படையில் சேர்ந்து, வருஷக்கணக்கில் சரக்கு விமானம் ஓட்டிய பிறகுதான் டில்லியில் அந்த வேலைக்குத் தேர்வானார். உள்ளே தூங்குகிறவர் விழிக்காதபடி விமானத்தை இறக்கத் தெரிந்தவரைத்தான் அதற்கு எடுப்பார்கள் என்று என் அப்பா அடித்துச் சொல்வார். அவரை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யா வள்ளம் வைத்து மீன் பிடித்தவர். விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

ஒரு மார்கழியில் மாமா சொல்லாமல் கொள்ளாமல் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். அன்று மத்தியானம் அவர் அம்மாவிடம் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வடக்கே ஓர் ஊரில் காலையில் கடும் பனிமூட்டம். ஜனாதிபதி போகவேண்டிய விழாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கூட வந்த அதிகாரி ஒருவர் உடனே கிளப்பச் சொல்லி அவசரப்படுத்தியிருக்கிறார். மாமா முடியாது என்றுவிட்டார். பனி விலகிப் போய்ச் சேர்வதற்குள் விழா முடிந்துவிட்டது. அதிகாரி புகார் எழுதிவிட்டார். விசாரணை முடியும்வரை மாமா விமானத்தைத் தொடக்கூடாது.

"ஏலே தம்பி, அம்புட்டுப் பெரிய மனுசரைக் காக்க வச்சிட்டு வந்திருக்கியே. வேலை இருக்குமாடா?" என்று அம்மா வாய்விட்டு அழுதாள்.

"தெரியலக்கா" என்றார் மாமா.

அம்மாவின் அழுகை தெருவுக்கும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் பள்ளியில் போஸ்ட்மாஸ்டர் மகள், "ஒங்க மாமா பனிக்குப் பயந்துட்டாராம்ல?" என்றாள். வகுப்பே சிரித்தது. சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக மாமா வாசலில் நிற்பதைப் பார்த்தேன். பின்பக்கத்து வேலியில் நுழைந்து தனியாக வீட்டுக்கு ஓடிவிட்டேன். அவர் வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறார். திரும்பி வந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

இரண்டு வாரம் மாமா யாரோடும் அதிகம் பேசவில்லை. தட்டில் போட்ட சோறு பாதி மிஞ்சும். ஒருநாள் காலை வாடைக்காற்று ஏறி வடகடல் புரண்டுகொண்டிருந்தது. அய்யா வள்ளத்தை இறக்கவில்லை. மீன் வியாபாரி வாசலில் வந்து கத்தினார். ராமநாதபுரத்தில் பெரிய வீட்டு விருந்தாம், வெறுங்கையோடு போனால் அவருக்கு மரியாதை இல்லையாம்.

அய்யா நிதானமாகச் சொன்னார்: "யாரு வீட்டு விருந்தா இருந்தா எனக்கென்ன? என்னை நம்பி நாலு பேரு வள்ளத்துல ஏறுறான். இந்தக் காத்துல இறக்க மாட்டேன். நாளைக்கு வா."

உள்ளே இருந்த மாமா திடீரென்று வெடித்துச் சிரித்தார். அய்யா திரும்பிப் பார்த்தார். "என்ன மாப்ள?" என்று கேட்டவர், சட்டென்று பிடிபட்டு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று வியாபாரிக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அன்று மாமா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொங்கலுக்கு முன்பே தந்தி வந்தது. மாமா செய்தது சரி என்று விசாரணையில் முடிவாகியிருந்தது. அதே விமானத்துக்கு உடனே திரும்ப வேண்டும். அவரையே அனுப்பும்படி ஜனாதிபதி சொன்னார் என்பது பிறகு வந்த கடிதத்தில்தான் தெரிந்தது. அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்த விமானத்தை அவர்தான் ஓட்டினார்.

வழியனுப்ப ரயிலடிக்குப் போனோம். வண்டி வரும் நேரத்தில் மாமா என் பக்கம் குனிந்தார்.

"ஏன் தாயி, அன்னைக்கு வேலி வழியாப் போயிட்ட?"

பொய் சொல்ல வரவில்லை. "நீங்க பயந்துட்டீங்கன்னு சொன்னாங்க மாமா."

"பயந்தது நெசந்தான்" என்றார் அவர், சாதாரணமாக. "நல்லாவே பயந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகு அவர் காதில் வாயை வைத்து, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா" என்று சத்தியம் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நன்றி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டி ஏறினார்.

மாமாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்த ரகசியத்தை நான் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.