அவளிடம் கேட்காமல் விட்ட கேள்வி

மூன்று வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு பெரிய வைத்தியசாலையில் நடந்தது இது. எங்கள் ஊர் கனமூலை, அங்கே எங்களுக்கு மிளகாய்த் தோட்டம். என் மனைவிக்கு இடது காது மெல்ல மெல்லக் கேட்காமல் போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் காதுக்கு உட்புறம், மண்டையோட்டின் அடியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை என்றார்கள்.

டொக்டர் பேசியது சிங்களம். அவளுக்குச் சிங்களம் வராது. நடுவில் நான். தலையைப் பெரிதாகத் திறக்கப் போவதில்லை, காதுக்குப் பின்னால் சின்னத் துளையிட்டுக் கமெராவை விட்டு எடுக்கலாம் என்றார். ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதாம். அந்த இடத்தில் சிறு துண்டை விட்டுவிட்டால் முகம் தப்பும். வருடா வருடம் ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம். முழுவதும் எடுத்தால் முகம் கோணிப்போகக் கூடும். எது வேண்டும் என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் தோட்டக்காரன். களை பிடுங்கும்போது ஒரு கோரைக் கிழங்கை விட்டால் பாத்தி என்ன ஆகும் என்று எனக்கா தெரியாது? "முழுசா எடுக்கணுமாம், சரிதானே?" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

"ஓம், நீங்க சொன்னாச் சரி."

முழுவதும் எடுக்கச் சொல்கிறாள் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் இன்னொரு முறை கேட்டபோது எனக்கு எரிச்சல்கூட வந்தது.

நரம்புக்குக் கிட்டப் போனால் சத்தம் போடும் கருவி வைத்துத்தான் செய்தார்கள். அப்படியும் கட்டியோடு முகத்தின் இடது பக்கமும் போய்விட்டது. கண் மூடாது. தேத்தண்ணி குடித்தால் கடைவாயில் வழியும். கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று ஆறுதல் சொன்னேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

போன வருடம் கிளினிக்கில் தமிழ் பேசும் தாதி ஒருவர் ஃபைலைப் புரட்டிவிட்டு அவளிடம் கேட்டார். "நரம்புப் பக்கம் கொஞ்சம் விட்டுட்டு எடுக்கலாமெண்டு டொக்டர் சொன்னவர்தானே அக்கா? நீங்கதான் முழுசா எடுக்கச் சொன்னதெண்டு எழுதியிருக்கு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஊருக்குப் போக மதுரங்குளியில் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

கேட்டிருந்தாலும் முழுவதும் எடுக்கத்தான் சொல்லியிருப்பாளோ என்னவோ, அதை இனி அறிய வழியில்லை. பகலில் அவள் அசந்து தூங்கும்போது அந்த இடது கண் திறந்தே கிடக்கிறது. மருந்து விடப் போகிற என்னால் இன்றுவரை அதை நேராகப் பார்க்க முடியவில்லை.