கடிகாரத்தைப் பார்த்த பெண்

எங்கள் கல்லூரி வெர்மான்ட் மலையடிவாரத்தில் இருக்கிறது. விண்ணப்பிக்கிற பிள்ளையின் வீட்டில் காசு இருக்கிறதா என்று பார்க்காமல்தான் சேர்ப்போம் என்பதில் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை. வருமானக் கணக்கெல்லாம் வேறு கட்டடத்துக்குப் போய்விடும், எங்கள் கண்ணில் படாது. விளம்பரப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே இதைத் தம்பட்டம் அடித்திருப்போம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தாலே டார்லீன் பெல்கிக்குச் சிரிப்பு வரும். பல வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. மெய்ன் மாநிலம் அவள் பொறுப்பு. இலையுதிர் காலம் முழுக்க நல்ல பிள்ளைகளைத் தேடி அங்கே பள்ளி பள்ளியாகக் கார் ஓட்டித் திரிவாள். அலுவலகத்துக்குள்ளும் பனி பூட்ஸைக் கழற்ற மாட்டாள். அம்மாவோடு விடுதி அறைகளைத் துடைத்துக்கொண்டே படித்தவள். அதைச் சொல்லிக் கண்ணைக் கசக்குகிற ரகமல்ல. "மெத்தை விரிப்பு மடிக்க இந்தக் காலேஜ்ல என்னை மிஞ்ச ஆளே கெடையாது" என்று பீற்றிக்கொள்வாள்.

ஒரு மார்ச்சில், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிற எங்கள் ஐவர் குழு கூடிய கடைசி நாள். ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கோரின் டியூபே என்ற பெண்ணின் விண்ணப்பம் வந்தது. மெய்னில் காகித ஆலை ஊர்க்காரி. மதிப்பெண் பிரமாதம். அவள் எழுதிய கட்டுரையைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் எங்கள் சார்பில் அவளை நகரத்துக் காபிக் கடையில் நேர்காணல் செய்த பழைய மாணவர், ஒரு வக்கீல், இப்படி எழுதியிருந்தார்: 'காபிகூட வாங்கவில்லை. நொடிக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். பேச்சு சூடுபிடித்த நேரத்தில் எழுந்து போய்விட்டாள். நம் கல்லூரிமேல் ஆர்வமில்லை.'

"ஆர்வமில்லாத பொண்ணுக்கு எதுக்கு எடம்? அடுத்தது யாரு?" என்றார் தலைவர் விட்கோம்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் டார்லீன். "அவரு எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?"

"நாலரைக்கு" என்றார் விட்கோம், தாளைப் பார்த்து.

"அவ ஊருக்குக் கடைசி பஸ் அஞ்சேகாலுக்கு. அத விட்டா அந்தப் பனியில முப்பது மைல் நடக்கணும். நீங்களா இருந்தா கடிகாரத்தப் பாக்காம கூரையையா பாத்துட்டு இருப்பீங்க?"

"அவங்கப்பா கார்ல கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"கார் இருந்தாத்தானே!"

விட்கோம் கையை உயர்த்தினார். "டார்லீன், இந்த ரூம்ல காசு பேச்சே கூடாது. விதி உங்களுக்குத் தெரியும்."

"நான் எங்க காசு பேசினேன்? பஸ்ஸப் பத்திப் பேசறேன். காசப் பாக்க மாட்டோம்னு மார்தட்டிக்கிறோம். சரி, பாக்கல. ஆனா அந்தப் பொண்ணு கடிகாரத்தப் பாத்துச்சுன்னு கழிச்சுக் கட்டறோம். இது என்னங்க நியாயம்?"

எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

விட்கோம் விடுகிற ஆள் இல்லை. "அவளுக்கு ஆர்வம் இருக்குன்னு என்ன ஆதாரம்?"

"அரை மணிப் பேச்சுக்கு முப்பது மைல் பஸ்ல வந்திருக்கா. இதுக்கு மேல ஆர்வத்த எந்தக் கடையில வாங்கிட்டு வரச் சொல்றீங்க?"

ஓட்டெடுப்பு. டார்லீன் கை முதலில் உயர்ந்தது. அடுத்தது என்னுடையது. மூன்றாவது கை உயர்ந்ததும் மேஜையை ஓங்கித் தட்டிவிட்டேன், காபி சிந்தியது. நான்காவதும் உயர்ந்தது. விட்கோம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், தன் கையையும் உயர்த்தினார்.

"இனிமே பிள்ளைங்கள அவங்கவங்க ஊர்லயே போய்ப் பாக்கணும்னு நம்ம பழைய மாணவங்க எல்லாருக்கும் எழுதிடறேன்" என்றார், யாரையும் பார்க்காமல். பரிந்து பேச ஒரு டார்லீன் இல்லாத ஊர்களின் பிள்ளைகள் இத்தனை வருடத்தில் எத்தனை பேர் இப்படிப் போனார்களோ. ஆனால் அன்று ஜெயித்தோம்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியதும் கோரின் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். டார்லீன் ஊற்றிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினாள். ஆலைச் சங்கு, அவள் தம்பியின் சேட்டை என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. வெளியே இருட்டத் தொடங்கியது.

டார்லீன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "என்னடி, மணியப் பாக்கலையா? கடைசி பஸ் போயிரப் போகுது."

கோரின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"எந்த பஸ்? என் ரூம் அந்தா, எதிர்லதானே இருக்கு!"