செல்வி கேட்ட அவகாசம்

இன்று காலை, கரமனை பஸ் ஸ்டாப். தென்காசியிலிருந்து வந்து இங்கே தோசை வண்டி போட்டிருக்கும் செல்வி, வண்டியை அகற்ற வந்த மலையாளி அதிகாரியிடம் கெஞ்சினாள்.

“சார், கொஞ்சம் அவகாசம் வேணும்.”

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

“ரோட்டில் நினக்கு எந்து அவகாசம்? ஆரா இது படிப்பிச்சது?”

யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்டதும், செல்வி பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

தெருவோரக் கடைக்காரர்களின் உரிமைக்காகப் பத்து வருடமாகக் கொடி பிடிப்பவள் நான். ஆமாம், உரிமைதான் என்றால் வண்டி அப்போதே லாரியில் ஏறிவிடும்.

“ஐயோ சாரே, அந்த அவகாசம் இல்ல. டைம்தான் கேக்கறா.”

அவர் சிரித்துவிட்டு ஒரு வாரம் கொடுத்தார்.

“நல்லவேளை, நீங்க இருந்தீங்கக்கா” என்கிறாள் செல்வி.

அவள் உரிமை கேட்கவில்லை என்று நடுரோட்டில் சத்தியம் செய்தது நான்தான். நீங்களாக இருந்தால் எந்த அவகாசத்தைச் சொல்லியிருப்பீர்கள்?